தண்ணீர் குடித்த பனியன்

ஏழு வருடமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். மூன்று முறை நோட்டில் ஆரம்பித்து, மூன்று முறையும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத்து வராது என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுதினால் என் பேர் கெட்டுப்போகும் என்ற பயம். மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டு இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

ஆண்டவனே நேரில் வந்து நின்றாலும், முதலில் உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்க்கக்கூடிய ஆள் எங்கள் ஸ்டிக்கர் அண்ணன். தெய்வத்தை நான் ஏளனம் செய்வதாக நினைக்க வேண்டாம். அவரோடு வேலை செய்தவர்கள் இதைப் படித்தால், "குறைச்சுச் சொல்லிட்டீங்க மாஸ்டர்" என்றுதான் சொல்வார்கள்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் பைனல் செக்கிங். தைத்து வந்த துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று எது இருந்தாலும், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது செக்கிங்கில் வழக்கம். மற்றவர்கள் அதைத் துணியில் மட்டும் ஒட்டுவார்கள். அண்ணன் உலகத்தின் மீதே ஒட்டினார்.

மெஸ்ஸில் இட்லியில் குழி இருந்தால் அம்பு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை படம் கோணல் என்றால் அம்பு. தென்கோடியில் கடற்கரைப் பக்கம் அவர் ஊர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஒருநாள் பாதிரியாரின் வெள்ளை அங்கியில் முதுகுத் தையல் விட்டிருப்பதைப் பார்த்துக் கை சும்மா இருக்கவில்லை. பாதிரியார் முதுகில் சிவப்பு அம்போடு ஊரெல்லாம் போய், இரண்டு வீட்டில் ஜெபம் செய்துவிட்டுத்தான் திரும்பினார். வெளிநாட்டுப் பையர் ஒருவர் சரக்கைப் பார்க்க வந்தபோது, அவர் போட்டிருந்த சட்டைக் காலரிலேயே ஒன்று ஒட்டினார். முதலாளிக்கு உயிரே போய்விட்டது. பையர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டுப் போனார்.

ஒரு தடவை பொங்கல் பிரசாதம் வாங்க என்கூட எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வந்தார். அம்மன் பட்டுப் பாவாடையை உற்றுப் பார்த்தார். கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, வேண்டாமுங்க!"

"நான் ஒண்ணும் சொல்லலியே மாஸ்டரே. ஓரத்துல ஒரு இழை ஓடிக் கெடக்கு. உம்ம சாமி, உம்ம பாடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அது அவர் எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இனி சுகன்யாவைச் சொல்ல வேண்டும். குண்டடம் பக்கத்துப் பிள்ளை. எங்கள் கம்பெனியில் பேக்கிங். விடியற்காலையில் ஓடிவிட்டு வேலைக்கு வரும். ஸ்டீபிள்சேஸ் என்று ஓர் ஓட்டம். மூவாயிரம் மீட்டர் ஓட வேண்டும், வழியெல்லாம் மரக்கட்டைகளைத் தாண்ட வேண்டும், ஏழு முறை தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட வேண்டும். "ஓட்டமா, சர்க்கஸா?" என்று முதலில் சிரித்தோம். அந்தப் பிள்ளை மாநிலத்தில் முதலாவதாக வந்த பிறகு சிரிப்பை நிறுத்தினோம். அடுத்து வெளிமாநிலத்தில் பெரிய ரேஸ். முதல் மூன்று பேருக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும். வராவிட்டால் மாமன் மகன் தயாராக இருந்தான்.

அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை வைத்து, கம்பெனிக்குப் பின்னால் காலி இடத்தில் அவளுக்குத் தடை செய்து கொடுத்தவர் ஸ்டிக்கர் அண்ணன். பலகையில் அவள் கால் படவேண்டிய இடத்தில் ஓர் அம்பு. "இங்கன மிதி தாயி. அரை இஞ்ச் தள்ளினா ரிஜெக்ட்" என்பார். அவளும் "சரிங்க பெரியப்பா" என்று நூறு தடவை தாண்டுவாள்.

ரேஸுக்கு நம் கம்பெனி சார்பில் பனியன் தைத்துக் கொடுப்பது என்று முதலாளி முடிவு செய்தார். துணியைத் தேர்ந்தெடுத்ததும் வெட்டியதும் நான். இருபது வருடமாகக் காட்டன் வெட்டிய கை. பாலியஸ்டரைத் தொட்டால் பாவம் என்று நினைக்கிற ஊர் இது. கம்பெனியிலேயே உயர்ந்த காட்டன் துணியை எடுத்து வெட்டி, தைத்ததும் நேரே மாரியாத்தா காலடியில் வைத்து, மஞ்சள் தொட்டு வாங்கி வந்தேன். அதற்கு நாலு நாள் விரதமும் இருந்தேன்.

செக்கிங் மேசையில் அண்ணன் அதை உள்பக்கம் திருப்பினார். டீ கிளாஸைக் கழுவிய தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு விரலால் இழுத்துப் பார்த்தார். ஸ்டிக்கர் விரலுக்கு வந்துவிட்டது.

"மாஸ்டரே, இது தண்ணி குடிக்கும்வே. அந்தப் பிள்ள ஏழு வாட்டி தண்ணில எறங்கணும். நனைஞ்சா கனக்கும், தொங்கும். பந்தயத்துக்குப் பாலியஸ்டர்தான்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "அண்ணா, இது ஆத்தா காலடியில வெச்சு எடுத்ததுங்க. இதுலயுமா குத்தம் சொல்லுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சுகன்யா வந்து, பனியனை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அண்ணன் விரலில் இருந்த ஸ்டிக்கரைத் திரும்பவும் அட்டையிலேயே ஒட்டிவிட்டார். முப்பது வருடத்தில் செக்கிங் மேசையில் அவர் ஒட்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

நான் அதோடு நிற்கவில்லை. "கண்ணு, ரேஸ் அன்னைக்குத்தான் இதப் போட்டுக்கோணும். அதுவரைக்கும் தண்ணி படக்கூடாது" என்றும் சொல்லி அனுப்பினேன். சாமி காரியம் என்று பக்தியாகத்தான் சொன்னேன். ஆனால் ஒருநாள் போட்டு ஓடிப் பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். அந்த வழியையும் நானே அடைத்தேன்.

ரேஸை ஒரே செல்போனில் இருபது பேர் பார்த்தோம். படம் விட்டுவிட்டு வந்தது. ஐந்தாவது சுற்று வரை அவள்தான் முதலில். ஆறாவது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ஒரு கை தோளுக்குப் போனது. பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை. ஒற்றைக் கையை வீசிக்கொண்டுதான் ஓடினாள். கடைசித் தொட்டியில் தடுமாறினாள். மூன்று பேர் தாண்டிப் போனார்கள். நான்காவது. செல்போனும் அத்தோடு அணைந்துவிட்டது.

மறுநாள் டீ நேரத்தில் ஆரம்பித்தது வழக்கு. ஏன் தோற்றாள்?

"ஷூ டைட்டுங்க" என்றார் அயர்ன் மாஸ்டர்.

"புள்ளைக்குப் பேனர் வெச்சீங்கல்ல, ஊர்க் கண்ணு பட்டுப்போச்சுங்க" என்றாள் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் ஒரு கைமடி அக்கா.

"அங்க சோறு கிடைச்சிருக்காதுங்க. சப்பாத்தியத் தின்னுபோட்டு எப்படி ஓடறது?" என்றார் ஓவர்லாக் முருகேசன்.

பீகாரிலிருந்து வந்த டெய்லருக்குக் கோபம் வந்துவிட்டது. "சப்பாத்தி சாப்ட்டா ஓட முடியாதா பய்யா? எங்க ஊர்ல பூரா ஆளு ஓடுது, ட்ரெயின் புடிக்க!"

சிரிப்பு அடங்கியதும் முருகேசன் தலையைச் சொறிந்தார். "எனக்கென்னமோ பனியனப் புடிச்சுட்டு ஓடுன மாதிரி இருந்துச்சுங்களே..."

ஸ்டிக்கர் அண்ணன் எழுந்தே விட்டார்.

"பனியனும் இல்ல, பாயாசமும் இல்லவே. அந்தத் தொட்டிய யாராவது டேப் வச்சு அளந்தீரா? ரெண்டு இஞ்ச் ஆழம் கூட. பாத்தாலே தெரியுது. அளவுச் சார்ட்டக் கேட்டு லெட்டர் போடணும்!"

"செல்போன்ல பாத்தே ரெண்டு இஞ்ச் சொல்லுவீங்களாண்ணா?"

"முப்பது வருசம்வே! கண்ணே டேப்புதான்."

இந்த வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. யாராவது பனியன் பக்கம் வந்தால் போதும், அண்ணன் புதிதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்து குறுக்கே போடுவார். தண்ணீரில் குளோரின் அதிகம் என்பார். கட்டையில் வார்னிஷ் ஈரம் என்பார். கையைத் தோளில் வைத்தது கொடிக்கு வணக்கம் சொல்லத்தான் என்று ஒருநாள் சாதித்தார். "ஓடிக்கிட்டேவாங்க?" என்று கேட்டதற்கு, "தேசபக்தி நின்னுதான் வரணுமாவே?" என்று ஒரே போடு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாருக்காக அவர் கோமாளி வேஷம் கட்டுகிறார் என்று தெரிந்துகொண்டேதான் சிரித்தேன்.

மனசு ஆறாமல் மாமன் வீட்டில் போய் இருந்த சுகன்யா, கடைசியில் ஒருநாள் கம்பெனிக்கு வந்தாள். கவரிலிருந்து பனியனை எடுத்து மேசையில் விரித்தாள். இடுப்பளவு பனியன் முழங்கால் அளவுக்கு நீண்டு கிடந்தது. தோள்பட்டை அகன்று போயிருந்தது.

முதலாளி கோபத்திலும் மரியாதை குறையாதவர். "இதை யாருங்க பாத்து உட்டது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. யாராவது வேறு பேச்சு எடுப்பார்களா என்று காத்திருந்தேன்.

"நாந்தான் மொதலாளி" என்றார் அண்ணன். "பைனல் செக்கிங் எங் கையெழுத்து. தண்ணி குடிக்குற துணின்னு பாத்திருக்கணும். பாக்கல."

"ஒரு தப்பு உடாத ஆளுங்க நீங்க. நம்ம புள்ள போடற துணியிலயா உட்டீங்க?"

"ஆமா. விட்டுட்டேன்."

சுகன்யா அவரைப் பார்த்து, "நீங்களா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

அவர் பேரையே மாற்றிவிட்டார்கள்; அண்ணன் போய் வெறும் ஸ்டிக்கர் ஆனார். "பாத்துங்க, ரேஸ் பனியனாட்டப் பாஸ் பண்ணிப்போடாதீங்க" என்று நேற்று சேர்ந்த செக்கிங் பெண்கள்கூட அவர் காதுபடப் பேசினார்கள். இரண்டு மாதத்தில் அண்ணன் கணக்கை முடித்துக்கொண்டு வேலம்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போனார். அங்கேயும் அந்தக் கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டேன். "ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்க? குத்தம் என்னுதுதானுங்களே."

"அந்தப் பிள்ள அதக் கண்ணுல ஒத்திக்கிட்டா, பாத்தீரா? உம்ம சாமிகிட்ட வச்சு எடுத்ததுதான் கெடுத்துதுன்னு ஆயிருந்தா என்ன ஆவும்? ரேஸும் போச்சு, சாமியும் போயிரும்லா? அவ பொறவு யாருகிட்ட போயி அழுவா?" என்றார். "எம் மேல கோவிச்சா ஒண்ணும் கொறஞ்சிராது. என்னைய யாரு கும்பிட்டா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறுகிறவர் படியில் நின்று, "மாஸ்டரே, ரெண்டாவது பட்டன் லூஸு" என்று என் சட்டையைக் காட்டிவிட்டுப் போனார்.

போன வருடம் சொந்த ஊரில் காலமானார். எனக்கு விஷயம் தெரிந்தபோது அடக்கம் முடிந்து எட்டு நாள். துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை நான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சென்ற மாதம் சுகன்யா என் வீட்டுக்கு வந்திருந்தாள். கணியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெண் குழந்தையோடு, புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு அழைக்க வந்தவள், பழைய கதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். நடுவில் பெருமூச்சு விட்டு, "அந்த ஸ்டிக்கர் பெரியப்பா மட்டும் ஒழுங்காப் பாத்திருந்தா, நான் இன்னேரம் போலீஸுங்க மாமா" என்றாள்.

அண்ணன் இல்லை. அவளும் விவரம் தெரிந்த பெண். சொல்லிவிடலாம். எல்லாம் தோதாக இருந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? "ஆமாங்கண்ணு."

அவள் போன பிறகு சாமி கும்பிடப் போய் நின்றேன். ஆத்தா மீது குறை இல்லை. காலடியில் வைத்ததை அவள் ஆசீர்வதித்தாள், அவ்வளவுதான். துணியைத் தேர்ந்தெடுத்தவன் நான். சொல்லிக் கொடுத்தும் கேட்காதவன் நான். கேட்டபோது வாயை மூடிக்கொண்டவனும் நான். பனியன்தான் தோற்கடித்ததா, வேறெதுவுமா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பழி அண்ணனுடையது அல்ல.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் யாராவது இந்தக் கதையை மாற்றிச் சொல்லக் கேட்டால், இங்கே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். வாய் தவறிவிட்டது, நேரம் சரியில்லை என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். முதலில் சுகன்யாவுக்குச் சொல்லுங்கள், கணியூர்ப் பக்கம் போகிறவர்கள். என்னைக் கட்டிங் மாஸ்டர் என்றோ, வேறு எப்படியோ உங்கள் இஷ்டப்படி சொல்லிக்கொள்ளுங்கள். அவரைச் சொல்கிற இடத்தில் மட்டும், அண்ணன் என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள்.