வெள்ளானூர் தாட்சாயிணி

குக்கர் நாலாவது விசிலும் அடித்து ஓய்ந்தது. ஸ்வீட்லின் அசையவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்தபடி கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்வீட்டு, பருப்பு கரைஞ்சு காணாமப் போயிடும்," என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தான் ரூபஸ்.

"கல்யாணமுருங்கை வந்திருக்காருங்க."

ரூபஸ் எட்டி வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. "எங்க?"

"என் பக்கத்துக்கு."

அவனே எழுந்து வந்து அடுப்பை அணைத்தான்.

'மைத்துளி' என்று ஓர் இணையதளம். தமிழில் வலைப்பதிவு எழுதுகிற சில நூறு பேர் அங்கே கூடுவார்கள். எழுதுவார்கள், ஒருவருக்கொருவர் பின்னூட்டம் போடுவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, எட்டாத கிளையில் உட்கார்ந்திருப்பவர் கல்யாணமுருங்கை. அவர் ஊர் தெரியாது, வயது தெரியாது, முகம் தெரியாது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பின்னூட்டம் போடுவார். பத்து வார்த்தையைத் தாண்டாது. ஆனால் அவர் வந்துபோன பதிவு மறுநாளே முகப்பில் ஏறிவிடும். அதை எழுதியவரை அப்புறம் எல்லாரும் 'நீங்க' என்பார்கள்.

ஆவடி சேக்காட்டில், ஒரு மாடி வீட்டில், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த நேரம் போக ஸ்வீட்லின் இரண்டு வருஷமாக எழுதுகிறாள். எண்பத்து நாலு பதிவு. கல்யாணமுருங்கை ஒரு முறை வந்தால் போதும் என்று ஜெபத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

"வந்துட்டாரே, அப்புறம் ஏன் இப்படி நிக்கிற? என்ன சொல்லியிருக்காரு?"

அவள் படித்தாள். "பதிவைவிடக் கீழே உள்ள பின்னூட்டம் நன்று. யார் இந்தத் தாட்சாயிணி?"

"யாரு தாட்சாயிணி?"

"நான்தான்."

ரூபஸ் குக்கரைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். மைத்துளியில் ஒரு பழக்கம் உண்டு. நீ என் பதிவுக்கு வந்து 'அருமை சகோ' என்று எழுதினால், நான் உன் பதிவுக்கு வந்து 'மிக அருமை சகோ' என்று எழுதுவேன். படிக்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. இந்த அருமைகளில் அலுத்துப்போய், மூன்று மாசத்துக்கு முன்னால் ஸ்வீட்லின் தானே ஒரு வாசகியைப் படைத்தாள். தாட்சாயிணி, வயது ஐம்பத்தெட்டு. படத்துக்கு ஒரு சாமந்திப் பூ. ஊர் கேட்ட கட்டத்தில் என்ன போடுவது என்று பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தபோது எதிரே வந்த பஸ்ஸில் வெள்ளானூர் என்று போட்டிருந்தது. ஊரும் அமைந்துவிட்டது.

போன வாரம் ஸ்வீட்லின் திருநின்றவூர் ஏரியைப் பற்றி ஒரு பதிவு எழுதினாள். நாலு நாள் உழைப்பு. 'நீலப் பட்டுடுத்திய ஏரி மகளின் நெற்றியில் நிலவெனும் திலகம்' என்று தொடங்கும். அதன் கீழே தாட்சாயிணி, அரிசி களைகிற இரண்டு நிமிஷத்தில் இப்படி எழுதிப் போட்டாள்:

'ஏரியில் நிலா மிதந்தது என்கிறீர்கள். எங்கள் ஊர் ஏரியில் போன மாசம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்தது. நாலு நாள் அதில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது, வாடகை கேட்க வந்த ஓனர் மாதிரி.'

அதைத்தான் கல்யாணமுருங்கை நன்று என்றது.

"பேரு உனக்குத்தானே வந்திருக்கு?" என்றான் ரூபஸ்.

"எனக்கு எங்க வந்தது? அவளுக்கு வந்திருக்கு."

சாயங்காலத்துக்குள் தாட்சாயிணியை அறுபத்து மூன்று பேர் பின்தொடர்ந்தார்கள். 'அம்மா, நீங்கள் தனியே எழுத வேண்டும்' என்று கெஞ்சினார்கள். ஸ்வீட்லினைப் பின்தொடர்ந்தவர்கள் அதே பத்தொன்பது பேர். அதில் ஒன்று தாட்சாயிணி, ஒன்று ரூபஸ்.

"ஆளை முடிச்சுடு," என்றான் ரூபஸ். "ஒரு இரங்கல் போட்டா தீர்ந்தது."

"ஐயோ பாவம். அப்புறம் நான் எந்த மூஞ்சோட திருவிருந்து எடுக்கப் போவேன்?"

"இல்லாத ஆளு ஸ்வீட்டு."

"இருந்தாலும் அம்பத்தெட்டு வயசுங்க."

கடைசியில் கண் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. 'கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள். இனி எழுதுவதற்கில்லை' என்று தாட்சாயிணி விடைபெற்றாள். ஸ்வீட்லின் நிம்மதியாக அடுத்த பதிவை ஆரம்பித்தாள்.

மறுநாள் மைத்துளியே ஒரு ஆஸ்பத்திரி வராந்தா ஆகியிருந்தது. காசி முதல் கம்போடியா வரை பயணக் கட்டுரை எழுதும் 'ஊர்சுற்றி', பொன்னாங்கண்ணிக் கீரை அனுப்ப விலாசம் கேட்டார். தினம் ஒரு வெண்பா எழுதும் 'வெண்பா வேந்தன்' அன்று ஆறு எழுதினார். யாரோடும் எதிலும் ஒத்துப்போகாத 'புயல்மேகம்', எழுத வந்த காலத்திலிருந்து முதல்முறையாக, 'மேற்கண்ட அனைவரோடும் உடன்படுகிறேன்' என்றார். தாட்சாயிணி இதுவரை போட்ட பின்னூட்டங்களையெல்லாம் யாரோ திரட்டி முகப்பில் ஏற்றிவிட்டார்கள்.

ஸ்வீட்லின் அவற்றை வரிசையாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. யார் இந்த அம்மாள், இவ்வளவு சாதாரணமாக, இவ்வளவு நன்றாக எழுதுகிறவள்?

"கண்ணு சரியாப் போச்சு, ஆனா மகனோட மஸ்கட்டுக்கே போறேன்னு போடு," என்றான் ரூபஸ். "அங்க போய் யாரும் கீரை குடுக்க முடியாது."

போட்டாள். அதற்கு வந்த பதிலைப் பார்த்து ரூபஸே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அம்மா கடல் கடந்து போகுமுன் வழியனுப்பு விழா நடத்தாமல் விடுவதில்லை என்று புயல்மேகம் அறிவித்திருந்தார். அம்மாவுக்கு அலைச்சல் இல்லாமல், வெள்ளானூருக்குப் பக்கத்திலேயே. வருகிற ஞாயிறு மாலை மூன்று மணி, திருநின்றவூர் ஸ்டேஷன் அருகே ஒரு சின்ன மண்டபம். மைத்துளியின் சரித்திரத்தில் ஒருவரையொருவர் நேரில் பார்க்கப்போகிற முதல் கூட்டம்.

அதன் கீழே ஒரே வரி. 'நானும் வருகிறேன். ஸ்வீட்லினும் வரவேண்டும். – கல்யாணமுருங்கை.'

"என் பேரை எழுதியிருக்காருங்க," என்றாள் ஸ்வீட்லின். அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"சரி, போகலாம். தாட்சாயிணிக்கு எங்க போறது?"

இருவரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். கீழ்வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டு நாகவல்லிக்கு மாவுக் கடை. வயது ஐம்பத்தெட்டுதான். கண்ணாடிகூடப் போட்டிருந்தாள்.

"இன்னா டீச்சர் சொல்ற? நான் தாட்சாயிணியா?" என்றாள். "என் பேருக்கு இன்னா கொறச்சல்?"

"ஒரு நாளைக்குத்தான் அக்கா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். சிரிச்சா போதும். யாரு எதைக் கேட்டாலும் 'அனுபவம்தான்'னு சொல்லுங்க."

"கடைய யாரு பாத்துப்பா? ஞாயித்துக்கெழம சாயங்காலம்தான் மாவு போவும்."

"இவரு பாத்துப்பாரு."

ரூபஸ் கிரைண்டரை எட்டிப் பார்த்தான்.

"கல்லு கழுவத் தெரியுமா நைனா உனக்கு?" என்று நாகவல்லி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஊட்டுக்காரம்மாவுக்காவ செய்யற. கத்துக்குவ."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஸ்வீட்லினும் நாகவல்லியும் ஆவடியில் மின்சார ரயில் ஏறினார்கள். நாகவல்லி கல்யாணத்துக்குப் போகிற புடவை கட்டியிருந்தாள். ஸ்வீட்லின் மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். மாட்டிக்கொள்வோம் என்கிற பயம் பாதிதான். எழுத்தில் மட்டும் பார்த்தவர்களைச் சதையும் ரத்தமுமாகப் பார்க்கப் போகிறோமே என்பது மீதி.

மண்டபத்தில் பத்து பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆளுக்கொரு நாற்காலி தள்ளி, பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நாகவல்லி நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். சட்டையில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

புயல்மேகம் ஒரு பெண். அதுவே ஆச்சரியம். "தண்ணி எங்கங்க இருக்கு?" என்று கேட்பதற்குள் மூன்று தரம் எச்சில் விழுங்கினாள். ஊர்சுற்றி முக்கால் மணி தாமதமாக வந்தார். தவறுதலாக அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டாராம். வெண்பா வேந்தனிடம் ஒரு வெண்பா கேட்டார்கள். அவர் கைகூப்பி, "பெரியவங்க இருக்கிற எடத்துல வேணாம்," என்று உட்கார்ந்துவிட்டார்.

ஸ்வீட்லினுக்கு மெய்சிலிர்த்தது. எழுத்தில் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறவர்களிடம் எத்தனை அடக்கம். உலகத்தையே சுற்றினவருக்குத் திருநின்றவூர் பிடிபடாமல் போவதுகூட ஒரு அழகுதான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர்களை அவள் அதுவரை பார்த்ததில்லை.

நடு நாற்காலியில் கல்யாணமுருங்கை உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டையின் மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும்போல் இருந்தது.

"அம்மா உங்க எழுத்தோட ரகசியம்..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"அனுபவம்தான்," என்றாள் நாகவல்லி, கேள்வி முடிவதற்குள்.

கை தட்டினார்கள்.

"மஸ்கட் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

நாகவல்லி ஸ்வீட்லினைப் பார்த்தாள். ஸ்வீட்லின் புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"அத்த வுடுங்க. இப்ப உளுந்து ஊற வெச்சிட்டு வந்துகீறேன். பொங்கி வழிஞ்சிடப் போவுதேன்னு கவல. வேற ஒண்ணியும் தோணல."

முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். ஊர்சுற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமுருங்கை மட்டும் தலையாட்டினார். "உளுந்து அப்டித்தான்," என்றார். அன்றைக்கு அவர் சபையில் பேசியது அவ்வளவுதான்.

பஜ்ஜியும் காபியும் வந்தன. எல்லாரும் திடீரென்று உயிர் வந்தவர்கள் மாதிரி எழுந்தார்கள். நாகவல்லியைச் சுற்றி ஒரு கூட்டம். கை கழுவுகிற இடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஸ்வீட்லின் அங்கே போகவில்லை. மெல்ல நடு நாற்காலிக்குப் போனாள்.

"ஐயா, நான் ஸ்வீட்லின்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை புடவைக் கொசுவத்தில் நின்றது. "நல்ல சரக்கு," என்றார். "கஞ்சிதான் ஜாஸ்தி."

ஸ்வீட்லினுக்கு முகம் சூடேறியது. நீலப் பட்டுடுத்திய ஏரி மகள் நினைவுக்கு வந்தாள். எண்பத்து நாலு பதிவையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டாரே.

"கொறச்சுக்கறேன் ஐயா."

"கொறச்சா ஒடம்போட ஒட்டும்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். "இத்த உன் கையில தரணும்."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பிரித்தாள்.

'பதிவும் உங்களுடையது, பின்னூட்டமும் உங்களுடையது. இரண்டாமவளை மேலே உட்காரவையுங்கள்.'

எண்ணிப் பார்த்தால் பத்து வார்த்தைகூட இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. நாகவல்லி மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். வெளியே நெமிலிச்சேரி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்வீட்லின் அந்தக் காகிதத்தை ஐந்தாவது முறையாகப் பிரித்தாள்.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு அக்கா அவருக்கு. நான்தான் தாட்சாயிணின்னு எப்பவோ தெரிஞ்சிருக்கு. சபையில காட்டிக்குடுக்காம, என் கையில மட்டும் குடுத்தாரு பாருங்க."

"நல்ல மனுசன்தான்."

"இனிமே தாட்சாயிணி வேணாம். என் பேர்லயே எழுதப்போறேன், அவ எழுதற மாதிரியே. இன்னைக்குப் பாத்ததைத்தான் முதல்ல." அவள் குரல் இறங்கியது. "எவ்வளவு பெரிய எழுத்துக்காரங்க எல்லாம். ஒருத்தர்கிட்டயாவது நான்ங்கிற நெனப்பு இருந்துதா? எப்படி அக்கா அப்படி இருக்க முடியுது?"

நாகவல்லி ஒரு கடலையை உடைத்துத் தோலை ஊதினாள்.

"இன்னா டீச்சர், தெரியாத மாதிரி கேக்கற? அந்தப் பெரியவரு பட்டாபிராம்ல துணி தேய்க்கிறவரு, மத்த பத்து பேரும் அவராட்டம், என்னாட்டம், யாருக்கோ பதிலா வந்தவங்கதானே. 'உங்கூட வந்த பொண்ணு யாருக்குப் பதிலா வந்துகீது'ன்னுகூடக் கை கழுவற எடத்துல கேட்டாங்கோ, எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."