மூலிகைத் தண்ணீரை நிறுத்த மாட்டேன்

எனக்குக் குஞ்சு தரும் கம்பெனியின் மெத்தப் படித்த கோழி டாக்டரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் இரண்டாயிரம் கறிக்கோழிகளும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் தங்கள் கோபத்தின் சௌக்கியத்தையும் அறிய ஆசை.

தங்கள் கடிதம் கிடைத்தது. பக்கத்துப் பண்ணைகளில் கோழிகளுக்கு மூச்சுத் தொற்று பரவுகிறது, நானோ கம்பெனி மருந்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓமம், பூண்டு, யூகலிப்டஸ் எண்ணெய் என்று விளையாடுகிறேன், வெள்ளிக்கிழமை சோதனையில் ஒரு கோழி இருமினாலும் கம்பெனி இனி எனக்குக் குஞ்சு தராது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். குஞ்சு வராவிட்டால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். அதற்காக நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தால் அது நடக்காது.

முதல் நாள் கொஞ்சம் சறுக்கியது, ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் தண்ணீரோடு சேராமல் போய்க் குடிநீர்க் குழாயின் முனைகளையெல்லாம் அடைத்துவிட்டது, நூற்றிருபது முனையையும் ஊசியால் குத்திக் குத்தி என் விரல்தான் ஓட்டையானது, சரி, கஷாயமாகவே ஊற்றலாம் என்று அண்டா நிறையப் பூண்டை வேகவைத்தால், தீவன வண்டி டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார், அதையும் நானே சுமந்தேன், மிச்சக் கஷாயத்தைக் கொட்டகைக்குள் ஸ்பிரே அடித்துவிட்டு, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே நடுவில் நின்று ஒரு விசில் அடித்தேன், கோழியெல்லாம் கப்சிப், அந்த அமைதியில எதுக்காவது கர்கர்னு மூச்சு இழுக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னா, லொக் லொக்னு ஒரு இருமல்! எந்தக் கோழின்னு குனிஞ்சு குனிஞ்சு தேடறேன். உன் அக்கா வெளியில இருந்து கத்தறா: "ஐயோ, இருமறது கோழி இல்லைங்க, நீங்க! முதல்ல வெளிய வாங்க!"

இன்னைக்குப் பதினோராவது நாள். காலையில விசில் அடிச்சேன். ரெண்டாயிரத்துல ஒண்ணுகூடத் தும்மல. பக்கத்துப் பண்ணைக்காரர் உன் மருந்தைத்தான் கொடுத்தார், அங்க போய்க் கேளு, கச்சேரி நடக்குது. நான் எதையும் நிறுத்தறதா இல்ல. வெள்ளிக்கிழமை நீயே வா. குஞ்சு தர மாட்டேன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு பார்ப்போம்.

தங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தங்கள் படிப்பும் என் கஷாயமும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். சிரித்தாள். நான் கலந்த தண்ணீரைக் கோழிகள் இரண்டாம் நாளே தொடவில்லையாம். அன்றிலிருந்து அதைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர்தான் வைத்திருக்கிறாள். நாற்றம் தாங்காமல் கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கும் படுதாக்களை நாள் முழுக்கச் சுருட்டிக் கட்டி, தரையில் ஊறிக் கிடந்த மரத்தூளை அள்ளிக் கொட்டிப் புதிதாகப் பரப்பியும் இருக்கிறாள். "நல்ல காத்து வந்துச்சு, கோழி நல்லா இருக்கு, அவ்வளவுதான்" என்கிறாள். என் மனம் நோகக்கூடாதென்று இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே அடுத்த குஞ்சுகளை அவள் பெயரிலேயே கொடுத்துவிடு. உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் கனவு காணாதே. அவளிடம் கேட்டாயிற்று.