பீரோவுக்கு வயசேற்றுகிறவர்

பழசைப் புதுசாகக் காட்டுகிறவர்களை நமக்குத் தெரியும். தலைக்குச் சாயம் பூசுகிறவர், ஓடி ஓய்ந்த ஸ்கூட்டரைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறவர், தனக்கு வந்த புடவையை மடிப்புக் கலையாமல் அட்டைப்பெட்டியில் வைத்து நாத்தனாருக்குக் கொடுக்கிறவர். இவர்களை எல்லாம் எப்போதோ மன்னித்துவிட்டோம். நான் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிரான ரகம். கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துப் புதுசு வாங்கி, கீறல் படாமல் வீடு வரை கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதை அடித்து உதைத்துப் பழசாக்குகிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பேன்ட் முழங்காலில் கிழிந்திருக்கும். கிழித்த கூலியையும் சேர்த்துக் கடைக்காரன் வாங்கியிருப்பான். கூடத்தில் ஓடாத கடிகாரம் ஒன்று துருவோடு தொங்கும். மணி கேட்டால் கைப்பேசியைப் பார்த்துச் சொல்வார். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு, அதற்குள் எல்.இ.டி. பல்பு. நீங்கள் பளபளப்பான பொருள் எதையாவது காட்டினால் உதட்டைப் பிதுக்கி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேரக்டர் இல்ல" என்பார். பொருளுக்கு எதற்குக் கேரக்டர்? கேட்காதீர்கள். கேட்டால் உட்காரவைத்து ஒரு வீடியோ காட்டுவார்.

திருப்பதியில் எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல்மாடியில் இப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் யஸ்வந்த். ரேணிகுண்டா பக்கம் ஒரு ஃபாக்டரியில் இன்ஜினியர். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் கூலிக்கு உழைத்து அவனைப் படிக்கவைத்தவர் அம்மா கங்கம்மா. தங்கை தரணி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே பள்ளியில் சயன்ஸ் எடுக்கிற முனிகிருஷ்ணனும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதென்று தங்களுக்குள் முடிவு செய்து, பிறகு மரியாதையாக இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். எல்லாம் கூடி வந்தது. கங்காதர நெல்லூரிலிருந்து பையனின் அம்மா தனபாக்கியம் வந்து வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதான் பாக்கி. வீட்டைப் பார்க்காமல் வார்த்தை கொடுக்கிற வழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது.

அந்த ஒரு வார்த்தைக்காகக் கங்கம்மா புதிதாக ஒரு மர பீரோ வாங்கினார். முகம் தெரிகிற பாலீஷ். இறங்கியதும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். "நம்ம வூட்டுக்கு மொத பீரோ" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஊர்ப் பெரியவர்களை அழைத்துவர சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறினார். தரணி பள்ளிக்கூடம் போனாள். யஸ்வந்த் லீவு போட்டான்.

மேலே இருந்து தடால் தடால் என்று சத்தம். பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்துத் தடியோடு ஓடினேன்.

"இன்னாப்பா, பாம்பா?"

"இல்ல மாமா. வயசாக்கிக்கினு இருக்கேன்."

எங்கோ ஒரு குளிர்தேசத்து அம்மாள் வீடியோவில் சொல்லச் சொல்ல, பிரவுன் பாலீஷின் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன்மேல் வெளிர்நீலப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு மூலை மூலையாகச் சுரண்டி, உள்ளே இருந்த பிரவுன் சொறி சொறியாக எட்டிப் பார்த்ததும் ஆனந்தப்பட்டு, சைக்கிள் செயினால் நாலு சாத்து சாத்தி, ஆணியால் பொடிப் பொடியாகத் துளை போட்டு, அதில் டீ டிக்காஷனைத் துணியில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவம்.

"இங்க பாருங்க மாமா, கைப்பிடியாண்ட தேஞ்சிக்கினு கீது. நாலு தலைமுறையா தொறந்து மூடுனாப்ல இல்ல?"

நாலு தலைமுறை! அவன் குடும்பத்தில் நாலு தலைமுறையாகத் திறந்து மூடப் பீரோ ஏது? இருந்த இரண்டு புடவையில் ஒன்று உடம்பில் இருந்தது, மற்றது கொடியில் காய்ந்தது. இதைச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பாவி, சொல்லியிருக்கலாம்.

கங்கம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவன்டா பூந்தான் வூட்ல?"

"நான்தாம்மா பண்ணேன்."

"குடிச்சிக்கினு கீறியா?"

மறுநாள் காலையில் விருந்தாளிகள். திரும்பப் பெயின்ட் அடித்தால் காயாது. போர்வையைப் போட்டு மூடினார். ஆனால் கலைஞன் சும்மா இருப்பானா? தனபாக்கியம் காபியை வாயில் வைத்த நேரம் பார்த்து, எழுந்து போய்ப் போர்வையை இழுத்துவிட்டான். யாராவது ஆகா என்பார்கள் என்று அப்படியே நின்றான்.

தனபாக்கியம் டம்ளரைக் கீழே வைத்தார். கிட்டே போனார். ஆணித் துளையில் சுண்டுவிரலை வைத்து அழுத்தினார். விரலை மோந்தார். கதவைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். திரும்பி வந்து, தரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செல்லரித்த வீட்டில் பையைத் தரையில் வைக்கிறவரா அவர்?

"செதலு புடிச்சிக்கினு கீதே அக்கா. எப்ப வாங்கனது?"

கங்கம்மாவுக்குப் பொய் வராது. "போன வாரந்தான்" என்றார்.

தனபாக்கியம் குங்குமம் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வார்த்தை வரவில்லை. சாயந்திரம் முனிகிருஷ்ணன் போனில் தயங்கித் தயங்கி அம்மா சொன்னதைச் சொன்னான்: "ஒரு வாரத்துல புது பீரோவ இந்தக் கதி பண்ற வூட்ல பொண்ணு எடுத்தா, நம்ம வூட்ட எத்தினி நாள்ல முடிப்பா?"

தரணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. தினமும் அந்த வீட்டைத் துடைத்துப் பெருக்குகிறவள் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு, மேல்மாடிக்காரனை அந்த உப்புத்தாளாலேயே தேய்க்க வேண்டும் என்றிருந்தது.

விளக்கம் சொல்ல யஸ்வந்தையே கங்காதர நெல்லூருக்கு அனுப்பினார்கள். போனான். குளிர்தேசத்து அம்மாள் வீடியோவை முழுதாகப் போட்டுக் காட்டினான். தனபாக்கியம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ இன்னா வேல பண்றே நைனா?"

"இன்ஜினியர் அத்தே. ஃபாக்டரில."

"அங்கயும் புதுசா செஞ்சி, அப்றம் இப்டிதான் பண்றீங்களா?"

அன்று ராத்திரி கங்கம்மாவுக்கு அவரே போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வூட்ல வேற யாருக்காச்சும் இது மாதிரி உண்டா?" என்றார். அதுவரை பொறுப்பில்லாமை என்று நினைத்தார், அதையாவது மன்னித்திருப்பார். இப்போது பைத்தியமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

தரணி போனை வாங்கினாள். "அத்தே, ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தரம் வாங்க. அந்த பீரோவ நானே சரி பண்றேன். நீங்க ஒக்காந்து பாருங்க. அப்பறமா வாணாம்னா வாணாம்னு சொல்லிடுங்க."

வந்தார். அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தரணி துளைக்கெல்லாம் பட்டி அடைத்து, நீலத்தைச் சுரண்டி, பிரவுன் எனாமல் அடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தனபாக்கியத்துக்குக் கொஞ்ச நேரத்துக்கு மேல் கை சும்மா இருக்கவில்லை. "மூலைய வுட்டுட்ட பாரு, குடு இப்டி" என்று பிரஷ்ஷை வாங்கினார். சாயந்திரம் இரண்டு பேருக்கும் முழங்கை வரை பிரவுன். பீரோவில் முகம் தெரிந்தது.

"பொண்ணுக்கு நல்லா கை ஓடுது. தட்டு மாத்திக்கலாம் அக்கா" என்றார் தனபாக்கியம். "ஆனா அந்தப் புள்ளய மட்டும் எங்க வூட்டு சாமானாண்ட தனியா வுடாதீங்க."

யஸ்வந்த் திருந்தினான் என்று நினைக்கிறீர்களா? இந்த ரகத்துக்குக் கை அரித்துக்கொண்டே இருக்கும். பீரோ போனால் என்ன, பழசாக்க அவனே இருக்கிறானே! நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டு ஆட்களை வளைத்துக்கொண்டு தொண்டை தழுதழுக்க ஆரம்பித்தான்: "நாங்கல்லாம் ரொம்ப கஷ்டப்பட்டு வந்தவங்க. காலுக்குச் செருப்பு கூட இல்லாம இஸ்கூலுக்கு நடந்தே போவேன்..."

சாம்பார் வாளியோடு வந்த கங்கம்மா நின்றார். "எப்படா? உன்ன வேன்லதானே அனுப்பினேன்?"

பந்தி சிரித்தது. கங்கம்மா சிரிக்கவில்லை. செருப்பில்லாமல் நடந்தது அவர்தான். அந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெடித்த பாதம் சம்பந்தி கண்ணில் படக்கூடாதென்று அன்றைக்கென்றே குதிகால் வரை மூடுகிற செருப்பு வாங்கிப் போட்டிருந்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பீரோ பளபளவென்றுதான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவனிடம் "நான் எப்படி வந்தவன் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறீர்களே, அந்தக் கதையில் போன வருஷம் மழை கிடையாது. இந்த வருஷம் கொட்டுகிறது. தெருவிளக்கில் படித்தேன் என்கிறீர்கள். சொல்லுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அப்போது விளக்கே கிடையாது என்று தெரிந்த யாராவது, சாம்பார் வாளியோடு பின்னால் நின்றுகொண்டிருக்கலாம்.