ஸ்மைலின் வாயைத் திறந்தாள்

கொட்டாரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜகுமார், ஒரு நாள் காலை ஆப்பத்துக்கும் கடலைக்கறிக்கும் நடுவில் சபதம் எடுத்தான். இனி அவன் அடிக்கிற போர்டில் மனித முகம் வராது. வந்தால் மீசையை எடுத்துவிடுவான்.

சாதாரண மீசை இல்லை அது. கல்யாணத்துக்கு முன்பே வந்தது. மனைவி அஜிதாவைவிட அந்த வீட்டில் அதற்குத்தான் சீனியாரிட்டி.

சிக்கல் என்னவென்றால், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மகள் ஸ்மைலினுக்கு முதல் பிறந்தநாள். முதல் பிறந்தநாள் என்றால் ரோட்டு முக்கில் ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும். பிள்ளை கிரீடம் வைத்து மேகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் மாமன்மார் தலைகள், வட்டம் வட்டமாக, கறுப்புக் கண்ணாடியோடு. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மேகத்தில் ஏற்றிவிட்ட ராஜகுமாருக்கு இப்போது நிஜ மேகத்தைப் பார்த்தாலே குமட்டியது. போதாததற்கு, வெளிநாட்டுப் பாட்டுக் கச்சேரிப் போஸ்டர்களை ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கண்ணும் கெட்டிருந்தது. ஒரு கிதார், அதன் நிழல், மீதி எல்லாம் காலி. அடடா.

"ஏட்டி, போர்டுல வெற்றிடம் வேணும். அப்பத்தான் கண்ணு மூச்சு விடும்," என்றான்.

"கண்ணு எதுக்கு மூச்சு விடணும்? மூக்குக்கு என்ன ஆச்சு?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது."

"செரி, நம்ம பிள்ளைக்கு?"

"நம்ம பிள்ளைக்கும் கெடையாது. மொகம் வந்தா மீசைய எடுத்திருவேன், கேட்டியா."

அஜிதா கேட்டுக்கொண்டாள். சண்டை போடவில்லை. இன்னொரு ஆப்பம் வைத்தாள். ராஜகுமார் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அவனோ ஆப்பத்தைச் சாப்பிட்டான்.

அதே ஞாயிறு மாலை ஊர்த் தேவாலயச் சபையில் இன்னிசை நிகழ்ச்சி. அதற்கும் அவன்தான் போர்டு. பாடகர் குழுவின் தலைகள் அத்தனையும் வர வேண்டும் என்றார் செயலர் யேசுரத்தினம். தலை சின்னதாகப் போனவர் அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்றான் ராஜகுமார். போன வருஷம் அப்படியே ஒரு நல்ல குரலைப் பறிகொடுத்தவர் யேசுரத்தினம். உடனே ஒத்துக்கொண்டார். 'இன்னிசை' என்று எழுதவாவது செய்யேன் என்று கெஞ்சிப் பார்த்தார். மீனின்மேல் மீன் என்று யாராவது எழுதி வைப்பார்களா என்று கேட்டான். அவர் அட்வான்ஸை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆனால் படம்தான் வரவில்லை. பனைமரத்தை வயலின் மாதிரி வரைந்தான். கள்ளுக்கடை என்று நினைப்பார்கள் என்று அவனே அழித்தான். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த மதியத்தில், அஜிதா பிள்ளையை அவன் மடியில் இறக்கினாள்.

"ஒரு நிமிசம் பிடியுங்க, சோறு வடிக்கணும். அழுதா பயந்திராதீங்க. இவளுக்கு ஸ்பீக்கரே வேண்டாம், பேச்சிப்பாறை வரைக்கும் கேக்கும்."

ஸ்மைலின், பேருக்கு நேர்மாறான பிள்ளை. வாயைத் திறந்தாள். ராஜகுமார் உள்ளே பார்த்தான். கீழே இரண்டே பல். மற்றபடி வட்டமான, ஆழமான, சிவந்த குகை. திருவிழாவில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் அப்படியே அங்கே இருந்தது.

கத்திக்கொண்டு எழுந்தான். இரண்டு பேரும் கத்தினார்கள். இப்படி ஒரு யோசனை தனக்கு எப்படி வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அஜிதாவும் ஆச்சரியப்பட்டுக் கொடுத்தாள்.

"ஆனா மொகம் வந்திருமே," என்று அவளே கவலைப்பட்டாள்.

"இது மொகம் இல்லட்டி. வாய்."

"ஆமா, வாய்தான். கூட ரெண்டு கண்ணு இருந்தா வாய்க்கு ஒரு எடுப்பு."

நியாயமாகப் பட்டது. கண் வந்தது. கண் வந்தபின் கன்னத்தை எங்கே ஒளிப்பது? பின்னணிக்கு மட்டிப்பழ மஞ்சள் என்று அவன் முடிவு செய்தபோது, மஞ்சளுக்குச் சிவப்புதான் தூக்கும் என்று சொல்லி, புதுச் சிவப்புப் பட்டுக் கவுனைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டாள் அஜிதா. படிக்காமலேயே இவளுக்கு நிறம் தெரிகிறதே என்று நெகிழ்ந்தான்.

போர்டு முக்கில் நின்றது. மஞ்சள் வெளி. ஒரு ஓரத்தில் ஸ்மைலின். அவள் உதட்டோரம் மெல்ல மெல்ல உலோகமாகி, விளிம்பு மினுங்கும் ஸ்பீக்கர் கூம்பாக விரிந்திருந்தது. அண்ணாக்கு ஆடுவதுகூடத் தெரியும் போலிருந்தது. கீழே ஒரே வரி: ஞாயிறு மாலை ஆறு மணி, ஆலய வளாகம், எல்லோரும் வாருங்கள். பஸ் டிரைவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அஜிதாவும் நின்று பார்த்து, கொள்ளாம், நல்லாருக்கு என்றாள். அது மட்டும் மனசாரச் சொன்னது.

ஞாயிறு மாலை வளாகம் கொள்ளாத கூட்டம். கலைக்குக் கூடிய கூட்டம் என்று ராஜகுமார் மீசையைத் தடவிக்கொண்டான். வந்தவர்கள் கையில் எல்லாம் மினுமினுப்புத் தாளில் சுற்றிய பொட்டலம் இருப்பதைப் பிறகுதான் கவனித்தான். ஒருவர் அவன் கையில் பொம்மை யானையைத் திணித்தார். அஜிதாவின் பேச்சிப்பாறைச் சித்தி, எத்தனையோ பிறந்தநாள் போர்டு பார்த்திருக்கேன் மக்கா, இதுபோல பார்த்ததில்லை என்று கண் கலங்கினாள். பிள்ளைப் படம், பட்டுக் கவுன், நாள், நேரம், வாருங்கள். முக்கில் நிற்கிற அப்படிப்பட்ட போர்டை அந்த ஊர் வேறு எப்படிப் படிக்கும்?

யேசுரத்தினம் மைக்கைப் பிடித்து, தம்பி ராஜகுமார் தன் மகளின் பிறந்தநாளைச் சபையோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி சொன்னார். பாடகர் குழு வாழ்த்துப் பாடியது. கேக் வந்தது. ஸ்மைலின் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேக்குக்கு எப்ப சொல்லி வச்சட்டி?" என்றான் ராஜகுமார், பலவீனமாக.

"நீங்க சபதம் போட்டியளே, அன்னைக்கே."

பிறகு கைப்பையைத் திறந்து, கேக் வெட்டுகிற கத்திக்குப் பக்கத்தில் அவனுடைய சவரக் கத்தியையும் எடுத்து வைத்தாள்.

"மூக்குக்குக் கீழ கொஞ்சம் வெற்றிடம் விடுங்க. எங்க கண்ணும் மூச்சு விடட்டும்."