அச்சு மாவு இறுகுவதற்குள்

பல்செட்காரர் பதிவைப் போட்டுவிட்டு, பல் அச்சு மாவைக் குழைத்து ஊற்றிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தார். பதிவைக் காணோம்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் காணோம். படம் இல்லை. யோசித்து யோசித்து எழுதிய வரிகள் இல்லை. எழுதியதற்கான சுவடே இல்லை.

அப்படி ஒன்றும் பெரிதாக அவர் எழுதிவிடவில்லை. தபால் நிலையத்துக்கு முன்னால் நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து கிடக்கிறது. அதில் தடுக்கி விழுகிறவர்கள் முன்பல்லைப் பறிகொடுத்துவிட்டு நேராக அவர் கடைக்குத்தான் வருகிறார்கள். ஆகவே ஊர்க்காரர்கள் எல்லாரும் எழுதும் இணையப் பக்கத்தில் அவரும் கல்லைப் படமெடுத்துப் போட்டு எழுதினார்: "இந்தக் கல்லைச் சரிசெய்தால் என் வியாபாரம் பாதியாகிவிடும். ஆனாலும் சரிசெய்யும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்."

"இங்க கொஞ்சம் வாயேன்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு.

மனைவி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க?"

"நான் எழுதினது காணோம்."

"எங்க வச்சீங்க?"

"வைக்கிறதுக்கு அது என்ன சாவிக்கொத்தா? போன்ல போட்டேன். மாவு இன்னும் இறுகல, அதுக்குள்ள எடுத்துட்டாங்க!"

"யாரு?"

பல்செட்காரர் வாயால் சொல்லவில்லை. ஒரு விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினார்.

மனைவியும் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "நான் கூப்பிட்டா நீங்க திரும்பிப் பார்க்க அரை நாள் ஆகுது. அவங்க கண்ணு எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க," என்றாள்.

பல்செட்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓர் அரசாங்கத்துக்கு எத்தனை வேலை இருக்கும்! பாலம் கட்ட வேண்டும், வரி வாங்க வேண்டும், எல்லையைக் காக்க வேண்டும். அத்தனைக்கும் நடுவில், ஒரு தெருவில், ஒரு சின்னக் கடையில், ஒருவன் மாவு குழைக்கும் முன் என்ன எழுதினான் என்று ஒரு கண் பார்த்திருக்கிறது. சொந்தத் தம்பிகூட அவர் எழுதுவதைப் படித்ததில்லை.

சிலிர்ப்பு அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. மகளின் ஞாபகம் வந்தது.

மகள் வானிலை அலுவலகத்து வேலைக்குத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். சின்ன வயதிலிருந்தே மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்ட பெண். அப்பாவுக்கு இணையத்தில் கணக்குத் திறந்து கொடுத்தவளும் அவள்தான். அவர் கடவுச்சொல்லை அடிக்கடி மறந்து தொலைத்ததால் அதே கணக்கை அம்மாவின் போனிலும் திறந்து வைத்திருந்தாள். வேலை உறுதியாவதற்கு முன்னால், குடும்பத்தில் யார் யார் என்னென்ன எழுதுகிறார்கள் என்று கண்காணிப்புத் துறை பார்க்கும். ஒரு வரி கோணலாக இருந்தாலும் போதும். அடுத்த தெருப் பெண்ணுக்குத் தீயணைப்புத் துறையில் கிடைத்த வேலை, அவள் மாமா போட்ட ஒரே ஒரு கேலிப்படத்தால் புகைந்து போயிருந்தது.

சாயங்காலம் மகள் வந்ததும் விஷயம் உடைந்தது.

"அப்பா! உங்களை யாரு எழுதச் சொன்னது?"

"கல்லு பேர்ந்து கிடக்கும்மா."

"கிடக்கட்டும். எனக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க."

"வாயைத் திறந்து பார்க்கிறதுதானே என் தொழிலே," என்றார் பல்செட்காரர் பரிதாபமாக.

மறுநாள் காலை அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தப்பு செய்துவிட்டோம், மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. மாவு குழைக்கும் முன் எழுதினார்: "நேற்று நான் எழுதியதைப் பொறுத்தருளவும். கல் நன்றாகவே இருக்கிறது. மக்கள்தான் கவனமாக நடப்பதில்லை."

மாவு இறுகும் முன் மன்னிப்பையும் காணோம்.

"அய்யோ அண்ணே," என்றார் பக்கத்துச் சலூன்காரர். கத்தரியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்திருந்தார். அவர் கடையில் ஒருவர் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தார். "மன்னிப்பை ஏத்துக்கிட்டிருந்தா விட்டு வச்சிருப்பாங்கல்ல? அழிச்சிருக்காங்கன்னா கோவம் தணியலன்னு அர்த்தம்."

"இப்ப என்ன பண்றது?"

"புகழ்ந்து போடுங்க. நல்லா நாலு வரி. பாராட்டை அழிக்கிற கவர்மென்ட் உலகத்துலயே கிடையாது."

பல்செட்காரர் அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து எழுதினார்: "நமது ஆட்சியில் மக்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் பற்கள். இத்தனை பற்களை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை."

அதுவும் போயிற்று. மற்றவற்றைவிட வேகமாகப் போயிற்று.

"விளம்பரம்னு நினைச்சிட்டாங்களோ?" என்றார் சலூன்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு.

"நக்கல்னு நினைச்சிருப்பாங்க," என்றாள் மனைவி. "இவர் புகழ்ந்தா எனக்கே அப்படித்தான் தோணும். இனிமே எழுதாதீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

ஆனால் எழுதாமல் இருந்தால் பயந்து ஒளிந்த மாதிரி ஆகிவிடாதா? பல்செட்காரருக்கு அந்தக் கவலை. எதுவும் தெரியாத ஓர் அப்பாவி எழுதுவது போல, வேறு பெயரில், வேறு போனில், ஒன்றுமில்லாத ஒன்றை எழுதிப் பார்த்தால் என்ன? அதை விட்டு வைத்தார்களானால், பிரச்சினை தன்னோடுதான், ஊரோடு இல்லை என்றாவது தெரியும்.

"உன் போனைக் குடேன். என் போன் அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

'மழைத்துளி' என்ற பெயரில் ஒரு கணக்கைத் திறந்தார். எழுதினார்: "இன்று மேகமூட்டம். இதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை." போனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு கீழ்த்தாடையைத் தேய்த்து மெருகேற்றினார். திரும்பித் தன் போனில் தேடினார். மழைத்துளி காய்ந்து போயிருந்தது.

பல்செட்காரர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரு என்னோடது இல்ல. போன் என்னோடது இல்ல. எழுத்தை மோந்து பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிறாங்க!" அவர் குரல் தழுதழுத்தது. பயமா, வியப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை. "என்ன ஒரு மூளை! என்ன ஒரு மிஷினு! நம்ம வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற மாதிரில்ல இருக்கு!"

"மெதுவா பேசுங்க," என்றாள் மனைவி.

சலூனில் சொன்ன விஷயம் என்றைக்குச் சலூனுக்குள் நின்றது? ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மருந்துக்கடைக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்தார். துணி வெளுப்பவரும் அவர் மைத்துனரும் வந்தார்கள்.

"நிஜமாவா? போட்டதும் போயிடுதா?"

"மாவு இறுகறதுக்குள்ள."

"எங்க, எங்க கண்ணு முன்னாடி ஒண்ணு போடுங்களேன்."

"வேணாம் சார், பொண்ணு வேலை..."

"சும்மா வணக்கம்னு போடுங்க. வணக்கத்துல என்ன குத்தம்?"

இத்தனை பேர் கேட்கும்போது மறுக்க முடியவில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் சின்னப் பெருமையும் இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மனைவி வந்து தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போனாள். பல்செட்காரர் 'வணக்கம்' என்று எழுதி, போனை மேசை நடுவில், இரண்டு தாடைகளுக்கு இடையில், எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்தி வைத்தார். யாரும் மூச்சு விடவில்லை. கிரகணத்துக்குக் காத்திருப்பவர்கள் போல எல்லாரும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வணக்கம் மறைந்தது.

"ஆ!" என்றது கடை.

மைத்துனர் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். கணக்கு வாத்தியார் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே?"

"பத்து வருஷமா எழுதுறேன்யா. விலைவாசியைப் பத்தி, பஸ்ஸைப் பத்தி, பாடப் புத்தகத்தைப் பத்தி. ஒண்ணைக்கூட ஒருத்தனும் அழிக்கல." அவர் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு மட்டும் எப்படி?"

டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் மருந்துக்கடைக்காரருக்கு ஒரு எண்ணம் உதித்தது. அவர்கள் பல்செட்காரரைப் பார்க்கிறார்கள் என்றால் பல்செட்காரரின் கடையையும் பார்க்கிறார்கள். கடையைப் பார்க்கிறார்கள் என்றால் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பவர்களையும் பார்க்கிறார்கள்.

டம்ளர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. கடை காலியாயிற்று.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் தெருவின் எதிர்ப்புறமாக நடந்து போனார்கள். தப்பித் தவறி வந்த ஒன்றிரண்டு பேரும் வாயைத் திறக்க மறுத்தார்கள். "நான் எதுவும் சொல்றதுக்கில்ல," என்று உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். இறுக்கிய வாயில் எந்தக் கொம்பனாலும் அச்செடுக்க முடியாது. குழைத்த மாவு கிண்ணத்திலேயே கல்லாய்ப் போயிற்று.

அது போகட்டும். அவரைச் சாய்த்தது வேறு. மகளோடு தேறியவர்களுக்கெல்லாம் வேலை ஆர்டர் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை. மேற்கே பெரிதாக மேகம் திரண்டு நின்றபோது வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டே நடந்து உள்ளே போனாள். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

பல்செட்காரர் நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கண்காணிப்பு ஆபீசுக்கு. நானே போய்ச் சரணடையப் போறேன். எழுதினது நான்தான், என் பொண்ணுக்குச் சம்பந்தமில்லன்னு சொல்லிடறேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும்."

"வேணாங்க." மனைவியின் முகம் வெளிறிவிட்டது. "போனாத்தான் அவங்க கண்ணுல படுவீங்க."

"இனிமே படறதுக்கு என்ன பாக்கி இருக்கு?"

"சொன்னாக் கேளுங்க. ரெண்டு நாள் பொறுங்க, ஆர்டர் வந்துடும்."

"எந்த தைரியத்துல சொல்ற? அந்தக் கண்ணு எப்பேர்ப்பட்ட கண்ணுன்னு தெரியாதா உனக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். "அப்ப நானும் வர்றேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கண்காணிப்பு அலுவலகம் அவர் கற்பனை செய்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஒரே கூடம். இந்த முனையில் நின்றால் அந்த முனையில் இருப்பவரின் முகம் தெரியவில்லை. வரிசை வரிசையாகத் திரைகள். திரைக்கு ஒருவர். யாரும் பேசவில்லை. ஓர் ஊரே எழுதியதை இன்னோர் ஊரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒருத்தி நண்பனுக்கு எழுதிய புலம்பலையும், எங்கோ ஒருவன் எழுதிவிட்டு மறந்துபோன கவிதையையும் இவர்கள் யாரோ ஒருவர் நிதானமாகப் படித்திருப்பார்கள். பல்செட்காரருக்குத் தன்னையறியாமல் முதுகு வளைந்தது. செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று நுனிக்காலில் நடந்தார்.

பிரிவு அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள். முன்பற்களுக்கிடையே சின்ன இடைவெளி. அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அம்மா, நான்தான் அந்தப் பல்செட் கடைக்காரன்," என்று ஆரம்பித்து, கல்லில் தொடங்கி வணக்கம் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "எல்லாம் என் கைவேலை. எம் பொண்ணு வானத்தைத் தவிர வேற எதையும் பார்க்காதவ. அவளைத் தண்டிச்சிடாதீங்க."

அதிகாரி எதையோ தட்டினார். திரையைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"உங்க பொண்ணு ஃபைலை நேத்தே அனுப்பியாச்சே. அவங்களுக்கு வேலை உறுதி. குடும்பத்துல ஒருத்தர்கூட ஒரு வரியும் எழுதினதில்ல, ரொம்ப நல்ல குடும்பம்னு குறிப்பு போட்டிருக்கோம்."

பல்செட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்ப... அப்ப நான் எழுதினதெல்லாம்?"

அதிகாரி இன்னொரு தடவை தட்டினார். இப்போது புருவம் உயர்ந்தது. உயர்ந்த புருவம் இறங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. அந்தப் பெரிய கூடத்தில் ஒவ்வொருவராக எழுந்து வந்து கூடி நின்றார்கள்.

பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினார். விலங்கு விழவில்லை. கண்ணைத் திறந்தார். யாரும் அவரைப் பார்க்கவே இல்லை. அத்தனை பேரும் அவர் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற அவர் மனைவியை, வாயைப் பிளந்து பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பதிவைப் படிச்சு, மேல அனுப்பி, கையெழுத்து வாங்கி அழிக்க எங்க இத்தனை பேருக்கும் மூணு வாரம் ஆகுதும்மா," என்றார் அதிகாரி எழுந்து நின்று. "நாங்க பார்க்கறதுக்குள்ள இவர் எழுதின அத்தனையையும் உங்க போன்லேர்ந்தே அழிச்சு முடிச்சிட்டீங்களே, எங்ககூட எப்ப வேலைக்கு வர்றீங்க?"