மெரூன் பாவாடையும் ஆறு கருப்பு கிளிப்பும்

சீருடை போடுகிறவர்கள் அதைத் திட்டாத நாள் கிடையாது. நானும் ஆறு வருடம் திட்டினேன். ஆனால் ஒருநாள் அதைக் கழற்றி வைக்கச் சொல்லி, "இனிமேல் உங்கள் இஷ்டப்படி உடுத்தி வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இஷ்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு தொழிற்சாலையின் வேலையையே நிறுத்தியவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை. கீழ்த்தளத்தில் சர்க்கிட் போர்டுகளைப் பரிசோதிப்பது என் வேலை. நீல மேலங்கி, நீலத் தொப்பி, கருப்புச் சப்பாத்து. அங்கே எல்லோருக்கும் பயம் நிலைமின்சாரத்தின் மேல்தான். பாலியஸ்டர் போன்ற துணி உரசினால் அதில் மின்சாரம் ஏறும். அதிலிருந்து தாவும் ஒரு சின்னப் பொறி போதும், போர்டு செத்துவிடும். அதனால் உள்ளே வருகிறவர்களின் சொந்த உடுப்பு மேலங்கிக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த விஷயத்தில் நான் பயங்கரக் கறார். மேலங்கிக்கு வெளியே நைலான் சால்வை தொங்க வந்த ஒரு புதுப் பெண்ணை முதல் நாளே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (தங்கச்சி, நீ இதைப் படித்தால் ஒன்று தெரிந்துகொள். உன் சாபம் பலித்துவிட்டது.)

இந்தக் கறாரைப் பார்த்துத்தான் என்னை மாடியில் இருக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே சீருடை கிடையாது. மூன்று மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் மறுபடியும் கீழே. மாடியில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே அந்த உடுப்பு விதிகளைப் புதிதாக எழுதுவதுதான். எழுதி முடித்துக் கடைசிப் பக்கத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்தும் போட்டேன். மூன்றாம் மாதக் கடைசியில் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் வருகிறார் என்றார்கள். அவருக்கு அந்த விதிகளை விளக்க வேண்டியவள் நான்.

"இதை ஒழுங்காக முடியுங்கள், மறுநாளே நிரந்தர வேலைக் கடிதம் தருகிறேன்" என்றார் என் மேலாளர் மிஸ்டர் லிம்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். நாலு சுடிதார், மலாய்க்காரர்கள் உடுத்தும் பாஜு கூரோங் இரண்டு, கணவரின் பழைய டீ-சட்டைகள். உடனே ரூபாவுக்குப் போன் போட்டேன். ரூபா என் கணவரின் தங்கை, வங்கியில் வேலை. டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் யார் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் அவளிடம் போட்டோ அனுப்பி உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

பேரங்காடியில் நான் முதலில் எடுத்தது கருப்பு பேண்ட்டும் வெள்ளைப் பருத்திச் சட்டையும். எனக்குப் பிடித்திருந்தது.

"ஐயோ அண்ணி! கல்யாண மண்டபத்துல சாப்பாடு பரிமாறுறவங்க மாதிரி இருக்கு லா!"

சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு வந்தேன். "ஸ்கூல் பிரிஃபெக்ட்," என்றாள் ரூபா. பள்ளி மாணவர் தலைவியாம்.

"கிலாங் வேலைக்கு இது போதாதாடி?" (கிலாங் என்றால் மலாயில் தொழிற்சாலை.)

"கீழ இருந்த வரைக்கும்தான் கிலாங். இப்ப நீங்க ஆபீஸ் ஆளு. நடந்து வந்தாலே, யாரு இவங்கன்னு நாலு பேரு கேக்கணும்."

(கேட்டார்கள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர்.)

கடைசியில் அவளே தேடி எடுத்து வந்தாள். கணுக்கால் வரை மடிப்பு மடிப்பாக விழும் மெரூன் பாவாடை, கழுத்தில் முடிச்சுப் போட்ட பால் நிற பிளவுஸ், குதிகால் உயர்ந்த சப்பாத்து. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினேன். பாவாடை பளபளவென்று என்னோடு சேர்ந்து சுற்றி, நான் நின்ற பிறகும் ஒரு அரைச் சுற்றுச் சுற்றியது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை, சத்தியமாக. ஆறு வருடம் ஒவ்வொரு போர்டையும் திருப்பிப் பார்த்து அடியில் இருக்கும் எண்ணைப் படித்தவள் நான். அந்தப் பாவாடையின் இடுப்பை மட்டும் திருப்பி என்ன துணி என்று படிக்கவில்லை.

தணிக்கை நாள் காலை. "பசியாறிட்டுப் போ லா," என்றார் கணவர். பிளவுசில் குழம்பு பட்டுவிட்டால்? வெறும் வயிற்றோடு கிளம்பினேன்.

ஆபீசில் கூட்ட அறைக் கதவின் பிடியைத் தொட்டதும் விரலில் சுரீர் என்றது. பயம்தான் காரணம் என்று நினைத்தேன். நடக்கும்போது பாவாடை காலோடு ஒட்டிக்கொண்டது. புதுத் துணி, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தணிக்கையாளர் வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல், கையில் சின்னக் குறிப்பேடு. சிரித்துக்கொண்டே கை நீட்டினார், நானும் நீட்டினேன். இரண்டு கைகளுக்கும் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம். மனுஷர் கையை உதறிக்கொண்டார். என்னைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார், பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலைமின்சாரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வந்தவள் ஒரு நடமாடும் மின்கம்பமாக நிற்கிறேன்!

ஆனாலும் பதறவில்லை. விளக்கப் போவது மாடியில்தான். கீழே அழைத்துப் போகப் போவது மிஸ்டர் லிம். நான் இந்த நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் போதும். அந்தத் தைரியத்தில் விதிகளை ஒன்று விடாமல் விளக்கினேன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். பிரமாதமாகப் பேசினேன் என்றே சொல்ல வேண்டும். வினையும் அதிலேதான் வந்தது. தணிக்கையாளர் லிம்மிடம் திரும்பி, "இவர் மிகத் தெளிவாகச் சொல்கிறார். கீழேயும் இவரே வந்து காட்டட்டும்" என்றார்.

லிம்முக்கு முகமெல்லாம் பெருமை.

"பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். வழியில் மாலா அக்கா எதிரே வந்தார். கீழே என்னோடு ஆறு வருடம் வேலை பார்த்தவர், உற்பத்தி வரிசையின் தலைவி. ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"கலா, இந்தப் பாவாடையோட உள்ள வராத. என் லாக்கர்ல காட்டன் பேண்ட் இருக்கு, எடுத்துப் போட்டுக்க."

மாலா அக்காவின் இடுப்பு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அது இல்லை. ஆபீசுக்கு ஏறி மூன்று மாதமாகிறது, இன்னும் கீழ்த்தளத்து லாக்கரிலிருந்து பேண்ட் இரவல் வாங்குவதா என்று ஒரு திமிர். அதுதான் காரணம், வேறென்ன?

"பரவால்லக்கா, நான் பாத்துக்குறேன்," என்றேன்.

பார்த்துக்கொண்டேன். பாவாடையைத் தண்ணீரில் நனைத்தேன் (ஈரத்தில் நிலைமின்சாரம் தங்காது). இடுப்பில் சுருட்டிச் சுருட்டி முழங்காலுக்கு மேலே ஏற்றினேன். ஃபைலில் மாட்டும் கருப்பு கிளிப் ஆறு எடுத்துச் சுற்றிலும் இறுக்கினேன். மேலே நீல மேலங்கி, காலில் கீழ்த்தளத்துக் கருப்புச் சப்பாத்து. முன்னால் பார்க்க ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் ஆறு மாதக் கர்ப்பிணி.

வாசலில் இருக்கும் சோதனை இயந்திரத்தில் ஏறி நின்று விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்த இயந்திரம் சப்பாத்தைத்தான் சோதிக்கும், துணியை அல்ல என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பச்சையைப் பார்த்ததில் அழுகையே வந்துவிட்டது.

உள்ளே நடந்தோம். வலப் பக்கம் தணிக்கையாளர், இடப் பக்கம் லிம், நடுவில் வாத்து நடையில் நான். ஏசிக் காற்றில் துணி காய்ந்துகொண்டே வருவது தெரிந்தது. முதல் மேசை தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவது மேசை அருகில் 'டக்' என்று ஒரு சத்தம்.

தணிக்கையாளர் குனிந்து தரையிலிருந்து ஒரு கருப்பு கிளிப்பை எடுத்தார். "இது எந்த வேலைக்குப் பயன்படுகிறது?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

லிம் கூரையைப் பார்த்தார். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

'டக்.' இரண்டாவது. 'டக்.' மூன்றாவது. இடப் பக்கப் பாவாடை சரசரவென்று இறங்கி மேலங்கிக்குக் கீழே கணுக்கால் வரை வந்து நின்றது. வலப் பக்கம் இன்னும் மேலேயே இருந்தது. நாற்பது பேர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். மாலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

தணிக்கையாளர் பையிலிருந்து கையடக்க மீட்டர் ஒன்றை எடுத்தார். "அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டு என் பாவாடைக்கு எதிரே நீட்டினார். திரையில் எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. லிம் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்கள் விதிப்படி, இப்படி ஒருவர் உள்ளே இருந்தால் என்ன செய்ய வேண்டும்?"

நான் எழுதிய விதி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "வரிசையை நிறுத்த வேண்டும். அவரிடமிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் போர்டுகளை ஒதுக்கி மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவரை உடனே வெளியேற்ற வேண்டும்."

"செய்யுங்கள்" என்றார்.

அந்த நைலான் சால்வைப் பெண் போகும்போது திரும்பிப் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. சட்டென்று குரலை உயர்த்தினேன்.

"மாலாக்கா, லைனை நிறுத்துங்க. மூணாவது மேசைல உள்ள போர்டு எல்லாத்தையும் சிவப்புக் கூடைல போடுங்க. நான் வெளிய போறேன்."

பாதி ஏறிய பாவாடையோடு தொழிற்சாலையின் முழு நீளத்தையும் நடந்து, என்னை நானே வெளியேற்றினேன். கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். வேலை போய்விடுமே என்று அல்ல, அவமானத்தால்.

மாலையில் அறிக்கை வந்தது. குறை ஒன்று: என் பாவாடை. (கிளிப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டார்.) கீழே இன்னொரு வரி இருந்தது. விதியை எழுதியவரே தன்மேல் அதைத் தயங்காமல் நடைமுறைப்படுத்தினார், இந்தத் தொழிற்சாலையை நம்பலாம் என்று எழுதியிருந்தார். லிம் கடிதத்தை மறுநாள் தரவில்லை, ஒரு வாரம் முறைத்துவிட்டுத் தந்தார். கூடவே ஒரு தண்டனையும் கொடுத்தார். அதே பாவாடையில், மூன்று கிளிப் தொங்க, என்னைப் படம் பிடித்து, கண்ணை மட்டும் கருப்புப் பட்டையால் மறைத்து, 'இப்படி வராதீர்கள்' என்று எல்லா வாசல்களிலும் ஒட்டினார்.

அந்த வருடத் தொழிற்சாலைக் குடும்ப தினத்தில், பெரிய அதிகாரிகள் எல்லோரும் நிற்கும்போது, என் ஏழு வயது மகள் அந்தப் படத்தின் முன்னால் நின்று கத்தினாள்.

"அப்பா, இங்க பாருங்க! அம்மா! ஏன் அம்மாவுக்குக் கண்ண மறைச்சிருக்காங்க?"

மறுநாள் நானே லிம்மிடம் போய்ப் பட்டையை எடுத்துவிடச் சொன்னேன். இனி யாரிடம் மறைக்க?

ரூபாவுக்கு இன்றைக்கும் ஒரே வருத்தம்தான். "ஆனா அண்ணி, பாக்க நல்லா இருந்துச்சுல்ல?" என்பாள். இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. நான் இப்போது ஆபீசுக்குப் போவது அந்தக் கருப்பு பேண்ட்டிலும் வெள்ளைப் பருத்திச் சட்டையிலும்தான். ஆனால் தீபாவளிக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தால், என் கணவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிதானமாகப் பின்னால் நகர்வார். வந்த விருந்தாளிகள் ஏன் என்று கேட்டால் மகள்தான் பதில் சொல்லுவாள்:

"ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க அங்கிள், அம்மா புதுத் துணி போட்டிருக்காங்க."