காவல் நிலையத்துக்கு ஒரு தட்டு முந்திரிக்கொத்து

ஸ்ரீவில்லிபுத்தூர்,
டிசம்பர் 29.

அன்புள்ள தம்பி தேவஇரக்கத்துக்கு,

அக்கா ஜூடி எழுதுவது. நானும் உன் அத்தானும் கர்த்தர் கிருபையால் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நான் கூப்பிடும்போது மட்டும் போனை எடுக்காமல் இருப்பதற்கு நல்ல உடல்நிலை தேவை. அதனால்தான் கடிதம். இதை நீ கிழிக்கலாம். ஆனால் பிஸியாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அத்தான் வீட்டாரோடு இருக்க நாகர்கோவில் புறப்பட்டபோது, வீடு பூட்டிக் கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனோம். பார்ப்பார்கள் என்று அத்தான் நம்பினார். நான் நம்பவில்லை, எதிர்வீட்டு ஹபீபுன்னிசாவிடமும் சொல்லிவைத்தேன். பண்டிகை நாளில் அக்கா வீடு நட்சத்திரம் இல்லாமல் இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று நீ ராஜபாளையத்திலிருந்து காகித நட்சத்திரத்தோடு வந்து நிற்பாய் என்று யார் எதிர்பார்த்தது? நல்ல எண்ணம்தான். ஆனால் சாவி கேட்டால் ரகசியம் போய்விடும் என்று பின்சுவர் ஏறி, இடுப்பில் கட்டிங் பிளேயரும் வாயில் டார்ச்சும் தோளில் வயர்ச் சுருளுமாக மொட்டைமாடியில் ஒரு மனிதன் நின்றால், ஹபீபுன்னிசா அவனைத் தேவதூதன் என்றா நினைப்பாள்? அவள் போன் செய்தாள். போலீஸும் உடனே வந்துவிட்டது. அந்த ‘உடனே’ எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

எஸ்.ஐ. பாண்டிதுரை என்னைக் கூப்பிட்டார். “அம்மா, ஒங்க வீட்டு மாடியில ஒரு ஆளப் புடிச்சிருக்கோம். ஒங்க தம்பிங்காரு. ஸ்டார் கட்ட வந்தாராம். தம்பி உண்டுமா ஒங்களுக்கு?”

“உண்டு சார். ஆனா இது அவனா இருக்காது. அவன் சொன்னாலே ஒரு வேல செய்ய மாட்டான். சொல்லாம எப்படிச் செய்வான்?”

இது அவதூறு அல்ல, வாழ்நாள் அனுபவம். அவர் அனுப்பிய போட்டோவிலோ உன் முகம் முழுக்க ஒட்டடை, மீசையும் புதிது. “சாயல் இருக்கு, உறுதியாச் சொல்ல முடியாது” என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒழுக்கம். அதன் பலனாக, பாஸ்டர் ஐயா வந்து மீட்கும்வரை நீ ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தாய். தப்பு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்.

ஊர் திரும்பியதும் அத்தான், போலீசாருக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்றார். “என் தம்பியப் புடிச்சதுக்கா?” என்று கேட்டேன். “ஒந் தம்பியவே விடல, கள்ளன விடுவாவளா? போயி பலகாரம் குடுத்துட்டு வா” என்றார்.

தட்டு நிறைய முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக். மேலே வெள்ளைத் துணி. வாசலில் நின்ற காவலர் துணியைப் பார்த்துவிட்டு, “சாட்சிப் பொருளாம்மா?” என்றார். உள்ளே ஏட்டம்மா சுடலையம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டார்.

“யாரு மேல கம்ப்ளெய்ண்ட்டு?”

“யாரு மேலயும் இல்ல. நன்றி சொல்ல வந்தேன்.”

“அது சரி. யாரு மேல?”

பாண்டிதுரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “நாங்க எதுவும் வாங்கக் கூடாதும்மா.”

“கேஸே இல்லையே சார்.”

“அதாம்மா பயமா இருக்கு. கேஸ் இல்லாம யாரும் குடுக்க மாட்டாகளே.”

எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். ஆனாலும், “பண்டிகையன்னைக்கு எங்க வீட்டப் பாத்துக்கிட்டீங்க. அன்னைக்கு நீங்க ஒங்க வீட்டுல இல்ல. அதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன். பிறகு ஏட்டம்மா, “தீவாளி, ரம்ஜான், பொங்கல், எல்லாத்துக்கும் எங்களுக்கு ரோட்டுல நின்னு வாசம் புடிக்கதுதாம்மா. சார், நான் எடுக்கேன். மெமோ குடுத்தாலும் சரி” என்று முறுக்கை ஒடித்தார். அந்தச் சத்தம் பக்கத்து அறை வரை கேட்டிருக்க வேண்டும்; நிலையமே வந்துவிட்டது. சும்மா ருசி பார்ப்பதாகச் சொன்ன எஸ்.ஐ.தான் முந்திரிக்கொத்தைத் தீர்த்தவர்.

புறப்படும்போது பார்த்தேன்: உன் நட்சத்திரம் நிலைய வாசலில் ஜம்மென்று எரிகிறது. கேட்டால், “அவரே வந்து வாங்கிட்டுப் போவட்டும். பாவம், எம்புட்டு ஆசையாக் கொண்டாந்தாரு” என்கிறார் ஏட்டம்மா. அவர்களுக்குப் புரிந்தது எனக்குப் புரியாமல் போனதே என்று வழியெல்லாம் வருத்தம். புத்தாண்டுக்கு நீ வராவிட்டால் இந்த வீட்டில் இலை போட மாட்டேன். அத்தானிடமும் சொல்லிவிட்டேன், அவரும் கவலையாகத்தான் இருக்கிறார்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீ போகும் வழியையும் வரும் வழியையும் கர்த்தர் காக்கட்டும். வரும் வழி மட்டும் வாசலாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா ஜூடி

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. நட்சத்திரம் கேட்டு நீயே நிலையத்துக்குப் போயிருக்கிறாய். அக்கா அடையாளம் சொன்னால்தான் தருவோம் என்று எஸ்.ஐ. உன்னை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே வெளியே வந்து பார்த்தது. “நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இவருதானா?” நீ என்னைப் பார்க்காமல் கரண்ட் கம்பத்தைப் பார்த்தாய். “என் தம்பிதான் சார். ஒரு சந்தேகமும் இல்ல” என்றேன், கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி. இப்போது நீ மாடியில் வயர் இழுக்கிறாய்; ஏட்டம்மா கீழே நின்று, “இன்னும் செத்த மேல” என்று வேலை வாங்குகிறார். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. இறங்கி வந்ததும் கையில் தருகிறேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடு. மன்னிப்புக் கேட்ட வரியை அடிக்க வேண்டும்.